ஆட்டத்திற்கு முன் ஆட்டத்தை அறிதல்

உதைபந்தாட்டம் ஒன்று நாளை நிகழும் என்றால், அதனை இன்று மாலையே வாயால் ஆடி முடித்துவிடும் வழக்கம் நம் மாவட்டத்தாரிடம் நெடுங்காலமாக உண்டு. நாஞ்சில் வயலோரத்துத் தேநீர்க்கடைப் பலகையிலும், மாணவர் விடுதியின் மாடிப்படியிலும், குளச்சல் தொடங்கி நீரோடி வரை நீண்டு கிடக்கும் கடற்கரை மணலிலும் இவ்வாய்ப்பந்தாட்டம் நாள்தோறும் நிகழ்கின்றது. “மூன்றுக்கு ஒன்று” என்பார் ஒருவர். “அன்று, சமன்” என்பார் மற்றொருவர். காரணம் கேட்பின் இருவரும் சினங்கொள்வர். மறுநாள் பந்தயம் முடிந்தபின், பொய்த்த கணிப்பை ஒருவரும் நினைவுகூர்வதில்லை. பலித்த கணிப்பையோ ஓராண்டு முழுதும் சொல்லித் திரிவர்.

இவ்வழக்கத்தை நகையாடுதல் எமது கருத்தன்று. யாமும் அத்திண்ணைகளில் இருந்து பழகியவரே. ஆயினும், இரண்டு அணிகள் எதிர்ப்படுவதற்கு முன்னே அவற்றை நிறுத்துப் பார்த்தல் என்பது வெறும் பொழுதுபோக்காக மட்டும் இருக்கவேண்டுவதில்லை. ஒழுங்காகச் செய்யின் அஃது ஒரு பயிற்சியாகும். கணக்கும், தேசவரலாறும், உடலியலும், விதிநூலறிவும் அதில் ஒருங்கே வந்து கலக்கின்றன. இப்பயிற்சியை மாணவர் எவ்வாறு மேற்கொள்ளலாம் என்பதைச் சில மெய்யான பந்தயங்களைக் கொண்டு இங்கு விளக்க முயல்வோம்.

எடுத்துக்காட்டுகளிற் பல ஜெர்மானியரும் ஆஸ்திரியரும் எதிர்த்து ஆடியவை. இதற்குக் காரணம் உண்டு. நள்ளிரவு கடந்தும் கண்விழித்து ஐரோப்பியக் கழகங்களின் ஆட்டங்களைத் திரையிற் காணும் மாணவர் இக்காலத்து மிகப் பலர். அவ்விரு நாட்டு அணிகளின் பெயர் அவர்க்கு மனப்பாடம். ஜெர்மானியர் என்னும் பெயர் இத்தென்கோடிக்குப் புதிதுமன்று. 1806-ஆம் ஆண்டிலேயே பிரஷ்யா நாட்டினரான ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்து தங்கினார் அன்றோ? மேலும், ஒரே மொழி பேசி, அடுத்தடுத்த நாடுகளில் வாழ்ந்து, ஒருவர் பயிற்றாசிரியரை ஒருவர் அமர்த்திக்கொண்டு, ஆடுகளத்தில் மட்டும் தீராப் பகைவராய் நிற்கும் இரு கூட்டத்தாரின் ஆட்டம் ஆராய்ச்சிக்கு மிக ஏற்றது. பக்கத்து ஊர் அணிகளின் பந்தயத்தைக் கண்டவர்க்கு இது விளங்கும். ஆயினும் இப்பாடத்தின் நடுவிடம் நம் நாட்டது. கோயம்புத்தூரில் 2019-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அதனை முதலிற் சொல்லி, அதற்குத் துணையாக மற்றவற்றைக் கொணர்வோம்.

சென்னை என்னும் பெயரைத் தாங்கிக் கோவையில் ஆடிய விந்தையான கழகம் சென்னை சிட்டி. 2018-19-ஆம் ஆண்டின் ஐ-லீக் போட்டியில் 11 கழகங்கள் ஆடின. ஒவ்வொன்றுக்கும் 20 பந்தயங்கள். இறுதி நாளாகிய 2019 மார்ச் 9 அன்று காலையில் பட்டியலின் தலைப்பு இவ்வாறு இருந்தது: சென்னை சிட்டி 40 புள்ளிகள், கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 39 புள்ளிகள். அன்று மாலை சென்னை சிட்டி கோவையில் மினெர்வா பஞ்சாபை எதிர்க்கவேண்டும். ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளத்தை எதிர்க்கவேண்டும். மினெர்வா முந்தைய ஆண்டின் வாகையர். ஆயினும் அவ்வாண்டு பட்டியலின் கீழ்ப்பகுதிக்குத் தாழ்ந்து போயிருந்தனர்.

இங்கே முன்னாய்வு செய்வோன் முதலிற் கேட்கவேண்டிய வினா “எவ்வணி சிறந்தது?” என்பதன்று, “எவ்வணிக்கு எது வேண்டும்?” என்பதே. வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1 புள்ளி. சென்னை சிட்டி வென்றால் 43. அதன்பின் கோழிக்கோட்டில் யாது நிகழினும் கவலையில்லை. சமன் செய்தால் 41. அப்போது ஈஸ்ட் பெங்கால் வென்று 42 எய்திவிட்டால் கோப்பை கல்கத்தா சென்றுவிடும். ஆகவே, “கீழ்நிலை அணியோடு ஒரு சமன் போதும்” என்று திண்ணையிற் சொன்னவர் கணக்கறியாதவர். மினெர்வாவுக்கோ கோப்பையில்லை, இழப்பதற்கும் ஒன்றுமில்லை. இழப்பதற்கு ஒன்றுமில்லாத அணி அஞ்சாது ஆடும் என்பதை எவரும் அறிவர். ஆயினும் கணிக்கும்போது எவரும் இதனை எண்ணுவதில்லை.

நிகழ்ந்தது யாது? ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களுக்குள்ளே மினெர்வா ஒரு கோல் போட்டது. அரங்கம் வாயடைத்தது. இடைவேளை வரை அந்நிலை மாறவில்லை. பின்பாதியில் பெத்ரோ மான்சி ஒரு தண்டனை உதையால் சமன் செய்தார். மான்சி அவ்வாண்டில் 21 கோல் போட்டு, போட்டி முழுதிலும் மிகுதியாகக் கோல் போட்டோரில் ஒருவராய் விளங்கியவர். மினெர்வாவின் பின்னணியாளர் கண்கள் யாவும் அவர்மேலேயே இருந்திருத்தல் இயல்பு. பந்தயத்தை வென்று தந்தவரோ கௌரவ் போரா என்னும் அஸ்ஸாம் நாட்டு இளைஞர். அவர் காவல் புரியும் பின்னணியாளர்! இரு கோல் அவருடையவை. ஆட்டம் 3-1 என முடிந்தது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் பின்தங்கிப் பின் மீண்டு 2-1 என வென்றது. ஆகவே இறுதிப் பட்டியல் 43, 42. கோவையில் சமன் போதும் என்று சென்னை அணியார் கால்தளர்ந்திருப்பின் கோப்பை கைவிட்டுப் போயிருக்கும். தமிழ்நாட்டுக் கழகம் ஒன்று ஐ-லீக் போட்டியில் முதலிடம் எய்தியது அப்போதுதான் முதன்முறை.

இரு பந்தயங்களும் ஒரே நேரத்தில் தொடங்கின என்பதைக் கவனிக்க. ஏன் ஒரே நேரம்? ஒன்றை மாலையிலும் மற்றொன்றை இரவிலும் வைத்திருந்தால் பொதுமக்கள் இரண்டையும் கண்டு களித்திருப்பரே என மாணவர் கேட்கலாம். அதற்கு விடை ஸ்பெயின் நாட்டு ஹிஹோன் நகரில் இருக்கின்றது. அவ்விடத்தில்தான் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 1982 ஜூன் 25 அன்று உலகக் கோப்பைப் பந்தயம் ஆடின. அவை கழக அணிகளல்ல, நாட்டு அணிகள். ஆயினும் பாடம் ஒன்றே.

அக்குழுவில் நான்கு நாடுகள். வெற்றிக்கு அக்காலத்து 2 புள்ளி. அல்ஜீரியா, யாவரும் வியக்க, மேற்கு ஜெர்மனியை 2-1 என வென்றிருந்தது. ஆஸ்திரியாவிடம் 0-2 எனத் தோற்று, ஜூன் 24 அன்று சிலி நாட்டை 3-2 என வென்று, தன் பந்தயங்களை முடித்துக் காத்திருந்தது. ஆஸ்திரியா தன் இரு பந்தயங்களையும் வென்றிருந்தது. இந்நிலையில் மறுநாள் ஆடவந்த இருவர்க்கும் கணக்கு வெளிச்சமாகத் தெரிந்தது. ஜெர்மனி வெல்லாவிடில் வெளியேறும். ஜெர்மனி மூன்று கோல் வேற்றுமையில் வென்றால் ஆஸ்திரியா வெளியேறி அல்ஜீரியா மேற்செல்லும். ஆனால் ஜெர்மனி ஒரு கோலினாலோ இரு கோலினாலோ வென்றால் இருவரும் மேற்செல்வர். அல்ஜீரியா வீடு திரும்பும். மாணவர் இக்கணக்கைத் தாமே தாளிற் போட்டுப் பார்ப்பாராக. பட்டியலும் கோல் வேற்றுமையும் என்னும் பாடத்திற்கு இதனினும் சிறந்த பயிற்சி கிடைப்பது அரிது.

பத்தாம் நிமிடத்தில் ஹ்ரூபெஷ் என்பவர் தலையால் ஒரு கோல் போட்டார். அதன்பின் எண்பது நிமிடம் ஆட்டமே இல்லை. பந்து பக்கவாட்டில் உருண்டது, பின்னோக்கி உருண்டது, கோல் காப்போன் கைக்குச் சென்றது. காண வந்தோர் வெகுண்டு பணத்தாள்களை ஆட்டிக் காட்டினர். அவ்விரு நாட்டாரும் முன்கூட்டிப் பேசிவைத்தனர் என்பதற்குச் சான்று எதுவும் காட்டப்படவில்லை. விதி எதுவும் மீறப்படவுமில்லை. ஆனால் அல்ஜீரியாவுக்கு இழைக்கப்பட்ட அநீதி கண்கூடு. அதன்பின்னரே குழுப்போட்டியின் கடைசிப் பந்தயங்கள் ஒரே நேரத்தில் நடத்தப்படவேண்டும் என்னும் ஒழுங்கு ஏற்பட்டது. ஹிஹோனில் நேர்ந்த அவமானத்தின் பயனைக் கோவையிலும் கோழிக்கோட்டிலும் நாம் அனுபவித்தோம் எனலாம்.

இது நிற்க. அடுத்துக் கேட்கவேண்டியது “இவ்வணி எவ்வாறு ஆடுவது?” என்பது. இதற்கு ஆஸ்திரியாவின் ஸால்ஸ்பர்க் கழகமும் ஜெர்மனியின் பாயர்ன் மியூனிக் கழகமும் 2022-ஆம் ஆண்டில் இருமுறை எதிர்ப்பட்டதை எடுத்துக்கொள்வோம். ஸால்ஸ்பர்க் நகரம் ஜெர்மனியின் எல்லையை ஒட்டியது. அங்கிருந்து மியூனிக் நகர், நாகர்கோவிலிலிருந்து மதுரைக்குள்ள தூரத்திலும் குறைந்த தூரத்திலேயே உள்ளது. ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீக் போட்டியில் வெளியேற்றுச் சுற்றை எய்திய முதல் ஆஸ்திரியக் கழகம் இதுவே. அணியிற் பெரும்பாலார் இளையர். பயிற்றாசிரியர் மத்தியாஸ் யாய்ஸ்லே ஜெர்மானியர், வயது 33. எதிரணியின் பயிற்றாசிரியர் யூலியான் நாகெல்ஸ்மானுக்கோ வயது 34. ஸால்ஸ்பர்க் முன்னணியில் ஆடிய கரீம் அடேயெமி மியூனிக்கிலே பிறந்து, பாயர்ன் கழகத்தின் சிறுவர் அணியில் இருந்தவர். நம் ஊரிற் பிறந்தவன் அடுத்த ஊர்க்கு ஆடவந்தாற் போல என்க.

ஸால்ஸ்பர்க் கழகத்தார் ஆடும் முறை தனித்தன்மை வாய்ந்தது. 2012-இல் ரால்ஃப் ராங்னிக் என்னும் ஜெர்மானியர் அக்கழகத்தின் விளையாட்டுத் துறையை ஏற்றபின் அம்முறை வேரூன்றியது. அதன் சாரம் இது: பந்தை இழந்த அக்கணமே பின்வாங்கித் தம் கோலைக் காக்க ஓடாமல், இழந்த இடத்திலேயே மூவர் நால்வராய்ப் பாய்ந்து சூழ்ந்துகொள்ளுதல். நம் சடுகுடு ஆட்டத்தைக் கண்டவர்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. பாடிவருபவன் தொட்டுத் திரும்பும் அக்கணத்திலேதான் அவன் நிலை தளர்கின்றது. அப்போதே நாற்புறமும் வளைத்துக்கொள்ளவேண்டும். ஒரு நொடி தாழ்ப்பின் கோட்டைத் தாண்டிவிடுவான். பந்தைப் புதிதாகப் பெற்றவனும் அவ்வாறே. தலைநிமிர்ந்து தன் தோழர் எங்குளர் எனக் காண்பதற்கு முன் அவனைப் பிடிக்கவேண்டும்.

இம்முறையின் வலிமையும் குறையும் ஒன்றே. சூழ்வதற்காக அணி முழுதும் முன்னேறி நிற்றலின், பின்னணிக்கும் கோல் காப்போனுக்கும் இடையே அகன்ற வெளி திறந்துகிடக்கும். முதல் வளையத்தை எதிரி உடைத்துவிட்டால், அல்லது அதன் தலைக்குமேல் பந்தை அனுப்பிவிட்டால், தடுப்பார் இல்லை. ஆகவே, இத்தகைய அணியைப் பற்றி முன்னாய்வு செய்வோன் “வெல்லுமா, தோற்குமா?” என்பதினும், “எதிரியின் முதல் மூன்று உதைகள் எத்துணைத் துல்லியமானவை?” என்று கேட்பது பயன் தரும். துல்லியம் குறைந்த அணி திணறும். மிக்க அணி ஏழு கோல் போடும். இரண்டும் நிகழக்கூடும் என்பதை மூன்று வார இடைவெளியில் உலகம் கண்டது.

முதற்பந்தயம் 2022 பிப்ரவரி 16 அன்று ஸால்ஸ்பர்க்கில். அதற்கு முன்னாள் நிலையை எடைபோடுவோம். பாயர்ன் கழகம் குழுநிலையில் ஆறு பந்தயங்களையும் வென்றிருந்தது. பார்ஸலோனாவும் அக்குழுவில் இருந்தது என்பதை மறவற்க. ஆனால் நான்கு நாட்களுக்கு முன் போகும் நகரில் 4-2 எனத் தோற்றிருந்தது. தலைவரும் கோல் காப்போருமாகிய மானுவேல் நொய்யர் முழங்காற் சிகிச்சையினால் ஆடவில்லை. இடப்பக்கக் காவலராகிய அல்ஃபோன்ஸோ டேவிஸும் நோயுற்றிருந்தார். ஆஸ்திரியாவின் குளிர்கால ஓய்வோ ஜெர்மனியினும் நீண்டதாகையால், ஸால்ஸ்பர்க் வீரர்களின் கால்கள் ஓய்ந்தவை. ஆனால் பந்தயப் பழக்கம் சற்றே குன்றியவை. அறிவுடைய ஒருவர் “பாயர்ன் வலியது, ஆயினும் இன்று எளிதன்று” என்று சொல்லியிருப்பார்.

பன்னிரண்டாம் நிமிடத்தில் ஸால்ஸ்பர்க் முன்னணியாளர் ஒகாஃபோர் காயமுற்று வெளியேறினார். “முடிந்தது ஸால்ஸ்பர்க் கதை” என்று பலர் எண்ணியிருப்பர். அவர்க்கு மாற்றாக வந்த அடாமு என்னும் இளைஞர் ஒன்பது நிமிடத்திற்குள் கோல் போட்டார். ஆட்டத்தின் இறுதிவரை அவ்வொரு கோலே நின்றது. தொண்ணூறாம் நிமிடத்தில் கோமான் என்பவர் சமன் செய்து பாயர்ன் மானத்தைக் காத்தார்.

இவ்விடத்தில் விதிநூலறிவு வேண்டப்படுகின்றது. முந்தைய ஆண்டு வரை, இரு பந்தயங்களின் கூட்டுத்தொகை சமனாயின், அயலூரிற் போட்ட கோலுக்கு மதிப்பு மிகுதி என்னும் விதி இருந்தது. அவ்விதியின்படி 1-1 என்பது பாயர்னுக்கு நன்மை. ஆனால் ஐரோப்பியச் சங்கத்தார் 2021-22 முதல் அவ்விதியை நீக்கிவிட்டனர். எனவே மியூனிக்கில் இருவரும் சமநிலையிலே தொடங்கினர். பழைய விதியை நினைவில் வைத்துக்கொண்டு வாதிட்ட நண்பர் ஒருவரை யாம் அறிவோம். அவர் கணிதத்தில் முதல் வகுப்பு.

மார்ச் 8 அன்று மியூனிக்கில் நிகழ்ந்ததைக் கூற வேண்டுவதில்லை; ஆயினும் கூறுவோம். லெவண்டோவ்ஸ்கி பன்னிரண்டாம் நிமிடத்திலும் இருபத்தொன்றாம் நிமிடத்திலும் தண்டனை உதையால் கோல் போட்டார். இருபத்துமூன்றாம் நிமிடத்தில், திறந்துகிடந்த பின்வெளியில் விழுந்த பந்தைத் துரத்திச் சென்று மூன்றாவதையும் போட்டார். அப்போட்டியில் ஆட்டத் தொடக்கத்திலிருந்து இத்துணை விரைவில் மூன்று கோல் போட்டவர் அவர்க்கு முன் இல்லை. முடிவு 7-1. முதற்பந்தயத்தில் அணைபோல் நின்ற அதே முறை இரண்டாம் பந்தயத்தில் மதகாயிற்று.

இவ்வேழு கோலைக் கண்டு, “இனிப் பாயர்னைத் தடுப்பார் யார்?” என்று எழுதிய பத்திரிகைகள் பல. அடுத்த சுற்றில் ஸ்பெயினின் வில்லார்ரியால் என்னும் சிற்றூர்க் கழகம் அவர்களை 1-0 என வென்று, மியூனிக்கில் 1-1 எனச் சமன் செய்து வெளியேற்றிற்று. அண்மைய வெற்றியைக் கொண்டு வருவதைக் கணித்தல் எத்துணை வழுக்கலான நிலம் என்பதற்கு இது போதும். ஆயினும் இதனினும் பெரிய எடுத்துக்காட்டு ஒன்று வரலாற்றில் உண்டு. அதனைச் சற்றே விரித்துரைக்க விரும்புகின்றோம்.

1938 மார்ச்சில் ஜெர்மனி ஆஸ்திரியாவைத் தன்னுள் இணைத்துக்கொண்டது. ஆஸ்திரியா என்னும் பெயரே தேசப்படத்திலிருந்து அழிந்தது. வியன்னா நகரத்துக் கழகங்கள் ஜெர்மானியப் போட்டியில் ஆடவேண்டியதாயிற்று. 1939-ஆம் ஆண்டு ஜூன் 18 அன்று அப்போட்டியின் இறுதியாட்டத்தில் கெல்ஸன்கிர்ஷென் நகரத்து ஷால்க கழகமும் வியன்னாவின் அட்மிரா கழகமும் எதிர்ப்பட்டன. ஷால்க 9-0 என வென்றது. வியன்னா மக்கள் இதனை வெறும் தோல்வியாகக் கொள்ளவில்லை. 1940 நவம்பரில் அவ்விரு கழகங்களும் வியன்னாவில் மீண்டும் ஆடியபோது, நடுவரின் முடிவுகளால் கொதித்தெழுந்த மக்கள் கலகம் விளைத்தனர். நாத்ஸி ஆளுநரின் மோட்டார் வண்டியின் சக்கரங்களைக் கிழித்தனர். வேறெங்கும் வாய்திறக்க இயலாதவர்க்கு ஆடுகளத்தின் ஆரவாரம் ஒன்றே வாயாயிருந்தது.

1941 ஜூன் 22 அன்று பெர்லின் ஒலிம்பிக் அரங்கத்தில் இறுதியாட்டம். ஒருபுறம் மீண்டும் ஷால்க. 1939, 1940 ஆகிய ஈராண்டும் வாகை சூடியவர். மறுபுறம் வியன்னாவின் ராப்பிட். அன்று முன்னாய்வு செய்த எவரும் வேறெவ்வாறு கணித்திருக்கக்கூடும்? முதல் பத்து நிமிடத்துள் ஷால்க இரு கோல் போட்டது. இடைவேளைக்குப் பின் மூன்றாவதும் விழுந்தது. மூன்றுக்குச் சூனியம். அங்கு நின்ற வியன்னாக்காரர் மனத்தில் அட்மிராவின் ஒன்பது கோல் எழுந்திருக்கும்.

அதன்பின் ஷோர்ஸ் என்பவர் ராப்பிட்டுக்கு ஒரு கோல் போட்டார். உடனே ஃப்ரான்ஸ் பிண்டர் ஒன்று. மீண்டும் பிண்டர் ஒன்று. மீண்டும் பிண்டர் ஒன்று. ஏறக்குறையப் பத்தே நிமிடத்தில் நான்கு கோல். ஆட்டம் 4-3 என முடிந்து, ஜெர்மனியின் வாகையர் என்னும் பட்டம் வியன்னாவுக்குச் சென்றது. அன்று அதிகாலையில்தான் ஜெர்மானியப் படைகள் ருஷ்யாவின் எல்லையைக் கடந்திருந்தன. அரங்கில் இருந்த பல்லாயிரவருள் எத்தனை இளைஞர் அடுத்த ஆண்டு உயிரோடிருந்தனரோ! இவ்வெற்றியைப் பற்றி இருபுறத்தும் பின்னர்க் கதைகள் பல கிளம்பின. ஷால்க வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தது என்பதும் அவற்றுள் ஒன்று. யாம் அதனை நம்புவதில்லை. இத்துணைத் திருப்பத்தைத் திட்டமிட்டு ஆடும் திறமை எந்த அரசாங்கத்திற்கும் இல்லை.

இனி, நம் மாவட்டத்துக்கே வருவோம். தமிழ்நாட்டு உதைபந்தைப் பற்றி எழுதுவோர் வடசென்னை வியாசர்பாடியைக் குறிப்பர், அஃது உரியதே. ஆயினும் தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை முதலிய நம் மேற்குக் கடற்கரை ஊர்களைக் குறிக்காது விடின் அக்கட்டுரை குறையுடையதே. ஆழ்கடலிற் பல நாள் தங்கிச் சுறா பிடித்துவரும் அவ்வூரார், கரைக்கு வந்த நாளில் பந்தின்றி இரார். மணலில் ஓடிப் பழகிய கால் புல்லில் பறக்கும் என்பது அவ்வூர் மூத்தோர் நம்பிக்கை. மணலிற் பந்து உருளாது நிற்குமாதலின், அதனைக் காலோடு கொண்டுசெல்லும் நுட்பம் சிறுபோதே படிந்துவிடுகின்றது.

இரவிபுத்தன்துறையைச் சேர்ந்தவர் மைக்கேல் சூசைராஜ், 1994-இற் பிறந்தவர். 2017-18-இல் மேற்சொன்ன சென்னை சிட்டி அணியில் ஆடி, அவ்வாண்டு ஐ-லீக்கின் சிறந்த நடுக்கள வீரர் எனப் பாராட்டப்பெற்றார். அவர் உடன்பிறந்தார் மைக்கேல் ரெஜினும் அக்கழகத்துக்கு ஆடியவர். 2018-இல் சூசைராஜ் ஜம்ஷெட்பூர் சென்றார். ஆதலின் சென்னை சிட்டி வாகை சூடிய ஆண்டில் அவர் அதில் இல்லை! இதனைக் கேட்டு வருந்துவோர் சற்றே பொறுக்க. 2020 மார்ச் 14 அன்று கோவாவில் நிகழ்ந்த இந்தியன் சூப்பர் லீக் இறுதியாட்டத்தில், கல்கத்தாவின் ஏ.டி.கே. கழகம் சென்னையின் எப்.சி.யை 3-1 என வென்றது; அந்த ஏ.டி.கே. அணியில் சூசைராஜ் இருந்தார். கொரோனா நோயின் அச்சத்தால் காண்பார் ஒருவருமின்றி வெற்றிருக்கைகளுக்கு நடுவே அவ்வாட்டம் நடந்தது. அன்று நம் மாவட்டத்து வீடுகளில் சென்னைக்கு ஆரவாரிப்பதா, சூசைராஜுக்கு ஆரவாரிப்பதா என்று பலர்க்குத் திகைப்பு. கடற்கரையில் அத்திகைப்பு இல்லை.

அதே ஆண்டு நவம்பர் 20. புதிய பருவத்தின் முதற்பந்தயம், ஏ.டி.கே. மோகன் பாகான் கேரளா பிளாஸ்டர்ஸை எதிர்த்தது. இடப்பக்கத்தில் சூசைராஜ் எவ்வாறு ஆடுவார் என்று அதற்கு முன்னாள் எழுதாதவர் இல்லை. ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களே சென்றன. முழங்காலில் காயமுற்று வெளியே கொண்டுசெல்லப்பட்டார். அப்பருவம் முழுதும் அவர் திரும்ப ஆடவில்லை. அவர் அணி 1-0 என வென்றது. முன்னாள் எழுதப்பட்ட பத்திகள் யாவும் தாளளவில் நின்றன. முழங்காலின் உள்ளே முறுக்கித் தொடையெலும்பையும் காலெலும்பையும் பிணைக்கும் சிறு நார் ஒன்று அறுமாயின், அது மீளப் பல மாதங்கள் ஆகும். உதைபந்து வீரனுக்கு ஒடிந்த எலும்பினும் இது கொடிது.

ஆகவே மாணவர்க்கு யாம் கூறும் முறை எளிது. பந்தயத்திற்கு முன்னாள் ஒரு தாளை எடுக்க. எவர்க்கு எது வேண்டும், எவர் ஆடுவர், எவர் ஆடார், களம் எத்தகையது, மழை உண்டா, விதி யாது என்பவற்றை எழுதுக. கோல் எண்ணிக்கையை எழுதற்க, அது திண்ணைக்குரியது. “இவ்வணி இவ்விடத்தில் இடர்ப்படும்; ஏனெனில்” என ஒரு தொடர் எழுதுக. “ஏனெனில்” என்பதற்குப் பின் எழுத ஒன்றுமில்லையாயின் அத்தொடரை அடித்துவிடுக. பந்தயம் முடிந்தபின் அதே தாளின் மறுபுறத்தில் நிகழ்ந்ததை எழுதுக. பத்துப் பந்தயத்திற்கு இவ்வாறு செய்தவர், பொய்த்த கணிப்பிலிருந்தே மிகுதியாகக் கற்றதைத் தாமே காண்பர். அடுத்த முறை ஆஸ்திரியக் கழகம் ஒன்றும் ஜெர்மானியக் கழகம் ஒன்றும் எதிர்ப்படுமென்று செய்தி வருமாயின், அதனைக்கொண்டே இப்பயிற்சியைத் தொடங்கலாம்.

யாம் மாணவராயிருந்த காலத்து இப்பயிற்சி எமக்குத் தெரியாது. கடற்கரையூர் ஒன்றில் இரு அணிகளின் இறுதியாட்டம். விடுதி நண்பர் இருவரோடு முன்னாள் மாலையே சென்றிருந்தோம். ஓரணியின் நடுக்கள வீரர் அப்பகுதி முழுதும் பேர்பெற்றவர். அவரது இரு கால் வலிமையையும், எதிரணிப் பின்னணியின் தளர்ச்சியையும் எடுத்துக்காட்டி, நூல் படித்த செருக்கோடு யாம் ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினோம். மணலில் வலை பிரித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பின்னர்த் தலைநிமிராமலே, “எல்லாம் சரிதான், பிள்ளே. அவன் போன வள்ளம் கரைக்கு வந்தாச்சா?” என்று கேட்டார்.

வரவில்லை. மறுநாள் ஆட்டம் முடிந்து, தோற்ற அணியார் களத்தில் அமர்ந்திருந்தபோதுதான் அவ்வள்ளம் கரை கண்டது. அவ்வணியார் கோப்பையை மறந்து கடலை நோக்கி ஓடினர். வென்றவருட் பலரும் உடன் ஓடினர்.